தூரப் பந்தின் விலை: ஓக்லண்ட் ரெய்டர்ஸ் உரிமையாளரும் அவர் விரும்பிய தாக்குதல் ஆட்டமும்

2006 சீசனில் அமெரிக்கக் கால்பந்து அணியான ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 16 ஆட்டங்களில் எடுத்த மொத்தப் புள்ளிகள் 168. தாக்குதல் அணி போட்ட டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் பெறும் புள்ளிகள்) 12. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக்குகள் பந்து கையில் இருக்கும்போதே 72 முறை வீழ்த்தப்பட்டார்கள். மூன்று ஆட்டங்கள் ஒரு புள்ளிகூட இல்லாமல் முடிந்தன. நான்கே ஆண்டுகளுக்கு முன், 2002இல், என்.எஃப்.எல். லீக்கில் எல்லா அணிகளையும்விட அதிக யார்டு முன்னேறியது இதே அணிதான். அந்த ஆண்டு 450 புள்ளிகள் குவித்து, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனது.

நட்சத்திரங்களுக்கு வயதாகிவிட்டது என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வயதானவர்களுக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்தார்கள், ஏன் கொண்டுவந்தார்கள் என்று பார்த்தால் மீதிப் பாதி தெரியும். அதைத் தீர்மானித்தவர் ஒருவர்தான்: உரிமையாளர் ஆல் டேவிஸ். அமெரிக்கக் கால்பந்தில் உரிமையாளரின் கொள்கை தாக்குதல் ஆட்டத்தை எப்படி உருவாக்கும், எப்படிக் குலைக்கும் என்று படிக்க ரெய்டர்ஸைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. இரண்டையும் செய்தது ஒரே கொள்கை.

பணம் போட்டு அணியை வாங்கியவர் அல்ல டேவிஸ். பயிற்சியாளராக இருந்து உரிமையாளர் ஆனவர். 1960 முதல் 1962 வரை சார்ஜர்ஸ் அணியில் சிட் கில்மனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். மைதானத்தின் 53 யார்டு அகலத்தையும் முழு நீளத்தையும் ஒரே ஆட்டத்தில் விரித்து, தற்காப்பு அணியை இழுத்துக் கிழிப்பதுதான் கில்மனின் பாடம். 1963இல் டேவிஸ் ரெய்டர்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். முந்தைய ஆண்டு 1-13 (ஒரு வெற்றி, 13 தோல்வி) என்று கிடந்த அணி அந்த ஆண்டே 10-4 ஆனது. 1966இல் சில மாதங்கள், அப்போது என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த ஏ.எஃப்.எல். லீக்கின் ஆணையராக இருந்துவிட்டு, பங்குதாரராக அணிக்குத் திரும்பினார். 1972இல் நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அப்போதிலிருந்து 2011 அக்டோபர் 8இல் இறக்கும் நாள்வரை ஆட்டக்காரர் தேர்வில் கடைசிச் சொல் அவருடையதுதான். ஜெனரல் மேனேஜர் வேலையையும் அவரே பார்த்தார். தலைமைப் பயிற்சியாளராக வருபவர் யாராக இருந்தாலும், கொடுத்த சாமானை வைத்துத்தான் சமைக்க வேண்டும்.

அவர் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தற்காப்பு அணி எதை விட்டுக்கொடுக்கிறதோ அதை எடுப்பதல்ல ஆட்டம். நமக்கு எது வேண்டுமோ அதை எடுப்பதுதான். வேண்டியது தூரப் பந்து, அதாவது மைதானத்தின் ஆழத்துக்கு எறியும் நீண்ட பந்து. அதற்குத் தேவை வலுவான கையுள்ள குவாட்டர்பேக், மின்னலாய் ஓடிப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர், அந்தக் கையைக் காக்கும் பெரிய முன்வரிசை. இந்தப் பட்டியலில் மூன்றாவதாக நிற்பதை நினைவில் வைக்க வேண்டும். பின்னாளில் தொலைந்துபோனது அதுதான்.

விநாடிக் கணக்கு

தூரப் பந்தை வீரமாகவோ துணிச்சலாகவோ பார்ப்பவர்கள் தவறவிடுவது, அது ஒரு நேரக் கணக்கு என்பதை. ஸ்னாப் ஆனதும், அதாவது பந்து கைக்கு வந்ததும், குவாட்டர்பேக் பின்னால் எத்தனை காலடி வைக்கிறார் என்பதில் கணக்கு தொடங்குகிறது. மூன்று காலடி வைத்து எறிந்தால் பந்து சுமார் ஒன்றரை விநாடியில் கையை விட்டுப் போய்விடும். ஐந்து காலடி என்றால் இரண்டு விநாடிக்குச் சற்று மேல். ஏழு காலடி என்றால் மூன்று விநாடியை நெருங்கும். 40 யார்டை 4.3 விநாடியில் ஓடும் ரிசீவர்கூட மூன்று விநாடியில் 25 யார்டு அளவுதான் போயிருப்பார். ஆக, அவர் தற்காப்பு வீரரைத் தாண்டும் வரை பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முன்வரிசை மூன்று விநாடி வாங்கித் தர வேண்டும்.

முன்வரிசையில் ஐந்து பேர். எதிரில் பாய்பவர்கள் நான்கு பேர் என்றால் சமாளிக்கலாம். ஐந்தாவதாக, ஆறாவதாக ஆள் பாய்ந்தால் டைட் எண்டையும் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ரன்னிங் பேக்கையும் (பந்தை ஏந்தி ஓடுபவர்) தடுப்பு வேலைக்கு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் பந்து வாங்க ஓடுபவர்கள் மூன்றே பேர். நான்கு பேரே பாய்ந்து ஏழு பேர் பின்வாங்கிவிட்டால் மூவருக்கு எதிராக எழுவர். நிறுத்தாவிட்டால் ஐவர் ஓடுவார்கள், ஆனால் குவாட்டர்பேக் தரையில் கிடப்பார். இந்த இரண்டுக்கும் நடுவே தப்பிக்க ஒரு கிட்டப் பந்து வேண்டும்: ஆள் பாய்வதைப் பார்த்ததுமே, பாய்ந்தவர் விட்டுவந்த இடத்துக்கு ஒருவர் ஓட, பந்து உடனே அங்கே போக வேண்டும். அந்த வழி இல்லாத தூரப் பந்து ஆட்டம் பின்கதவில்லாத வீடு.

இன்னொரு விலையும் உண்டு. 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் முதலாவதில் தூரப் பந்து தவறினால் இரண்டாவதில் 10 யார்டு பாக்கி. அதுவும் தவறினால் மூன்றாவதிலும் 10. இனி எறியத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்குத் தெரியும். ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே குவாட்டர்பேக்கைத் தேடி வருவார்கள்.  ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மூன்றாவது வாய்ப்பில் 10 யார்டு என்றால் என்ன என்று தெரியும்.

அது வேலை செய்தபோது

1967இல் பஃபலோவிலிருந்து டேரில் லமோனிகாவை டேவிஸ் வாங்கினார். அந்த ஆண்டு அவர் 30 டச்டவுன் எறிந்தார், அணி 13-1. இதைத் தூரப் பந்தின் வெற்றியாகச் சொல்லலாம். ஆனால் கொள்கை முழு உருவில் தெரிந்தது ஜான் மேடன் பயிற்சியாளராக இருந்த 1976இல்தான்.

அந்த அணியைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. கிளிஃப் பிராஞ்ச் தடகள ஓட்டக்காரர். அந்த சீசனில் 46 பந்து பிடித்து 1,111 யார்டு எடுத்தார், ஒரு பந்துக்குச் சராசரி 24 யார்டு. டேவிஸ் கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற ஃபிரெட் பிலெட்னிகாஃபுக்கு அந்த வேகம் கிடையாது. எந்தக் காலடியில் திரும்புவது என்பதைத் துல்லியமாகச் செய்து பந்து வாங்குபவர் அவர். நடுவில் டைட் எண்ட் டேவ் காஸ்பர். எறிபவர் இடக்கைக்காரர் கென் ஸ்டேப்ளர். அவருடைய பலம் தூரம் அல்ல, குறி. எறிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஆளிடம் போய்ச் சேர்ந்தது. இடப்பக்கத்தில் ஆர்ட் ஷெல்லும் ஜீன் அப்ஷாவும்; இருவருமே பிறகு ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

பிராஞ்ச் ஓடும்போது சேஃப்டி (தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்பவர்) பயந்து சில யார்டு பின்னால் நகர்வார். அவர் விட்ட இடத்தில் காஸ்பரும் பிலெட்னிகாஃபும் வேலை செய்வார்கள். மிச்சத்தை ஓட்டம் பார்த்துக்கொள்ளும். மினசோட்டாவை 32-14 என வென்ற சூப்பர் பவுலில் ரெய்டர்ஸ் ஓடியே எடுத்தது 266 யார்டு, பெரும்பகுதி இடப்பக்கம். தூரப் பந்து மிரட்டலாக நின்றது; யார்டைச் சேர்த்தது மற்றவை. இந்த நுணுக்கம் கொள்கை வாசகத்தில் இல்லை, ஆட்டத்தில் இருந்தது. மேடன் பத்து ஆண்டுகள் அதே பதவியில் இருந்ததால்தான் அது தேய்ந்து மெருகேறியது. அவருக்குப் பின் டாம் ஃபுளோரெஸ் ஒன்பது ஆண்டுகள் இருந்து, 1980, 1983 சீசன்களில் இரண்டு சூப்பர் பவுல்களை வென்றார். அவரும் டேவிஸ் பள்ளியிலிருந்தே வந்தவர். உரிமையாளரும் பயிற்சியாளரும் ஒரே மொழி பேசியவரை சண்டைக்கு இடமிருக்கவில்லை.

பாகம் மட்டும் வாங்கிய காலம்

1988இல் வெளியிலிருந்து மைக் ஷானஹன் வந்தார். டென்வரிலிருந்து வந்த அவருக்குத் தன்னுடைய ஆட்டமுறை இருந்தது. சீசன் தொடங்கிய சில நாட்களில் ரெய்டர்ஸ் ஒரு பரிமாற்றம் செய்தது. இந்த அணியின் கதையில் இதைவிட நேரான சாட்சி வேறில்லை: இடது டேக்கிள் (முன்வரிசையின் ஓரத்தில் தடுப்பவர்) ஜிம் லேச்சியை வாஷிங்டனுக்குக் கொடுத்து, குவாட்டர்பேக் ஜே ஷ்ரோடரை வாங்கியது. ஷ்ரோடரிடம் வலுவான கை இருந்தது. அந்த சீசனில் ரெய்டர்ஸுக்காக அவர் எறிந்ததில் பாதிகூட ஆளிடம் போய்ச் சேரவில்லை. லேச்சி வாஷிங்டனில் லீக்கின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். மூன்று விநாடி வாங்கித் தருபவரைக் கொடுத்துவிட்டு, மூன்று விநாடி தேவைப்படுபவரை வாங்கினார்கள். 1989இல் நான்கு ஆட்டங்கள் முடிந்ததும் ஷானஹன் நீக்கப்பட்டார். பிறகு டென்வர் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராகி 1997, 1998 சீசன்களில் அடுத்தடுத்து சூப்பர் பவுல் வென்றார்.

1997இல் ஜெஃப் ஜார்ஜ் வந்தார். அழகாகப் பந்து எறிபவர். 3,917 யார்டு, 29 டச்டவுன். அவர் 58 முறை வீழ்த்தப்பட்டார், அணி 4-12. தற்காப்பு மோசமாக இருந்ததும் காரணம்தான். ஆனாலும் எறிந்த யார்டு என்ற எண்ணை மட்டும் வைத்து ஒரு தாக்குதல் அணியை எடைபோடக் கூடாது என்பதற்கு அந்த சீசன் நல்ல எடுத்துக்காட்டு.

இடைவெளி: 1998–2002

1998இல் 34 வயது ஜான் க்ரூடன் வந்தார். பில் வால்ஷ் வழியில் வந்த கிட்டப் பந்து ஆட்டம் அவருடையது: மூன்று, ஐந்து காலடி, ஓடுபவர் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போக வேண்டும், பிடித்தபின் ஓடி யார்டு சேர்க்க வேண்டும். வால்ஷே 1966இல் ரெய்டர்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். கில்மனின் ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. டேவிஸ் நீளத்தை எடுத்துக்கொண்டார், வால்ஷ் அகலத்தை எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் பெரிய தவறில்லை.

1999இல் 33 வயதில் சேர்ந்த ரிச் கேனன் டேவிஸ் பட்டியலில் எங்குமே வரமாட்டார். தூரம் எறியும் கை இல்லை. காலும் தலையும் உண்டு. க்ரூடனுக்கு அது போதும். 2000இல் அணி 12-4. ஓட்டத்தில் லீக்கில் முதலிடம். 2002 பிப்ரவரியில் டேவிஸ் க்ரூடனையே டாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்வது) வாய்ப்புகளும் 80 லட்சம் டாலரும் வாங்கினார். க்ரூடனின் கீழ் இருந்த பில் கேலஹன் அதே ஆட்டமுறையைத் தொடர்ந்தார். அந்த சீசனில் பிட்ஸ்பர்க்கில் கேனன் ஒரே ஆட்டத்தில் 64 முறை எறிந்தார், 43 போய்ச் சேர்ந்தது. டென்வரில் 38இல் 34. சீசன் முழுக்க 418 பந்து, 4,689 யார்டு. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ரன்னிங் பேக் சார்லி கார்னர் 91 பந்து பிடித்தார், நாற்பதைத் தொட்ட ஜெர்ரி ரைஸ் 92. பாய்ந்து வருபவர்கள் எட்டும் முன்பே பந்து போயிருக்கும்.

சூப்பர் பவுலில் எதிரே நின்றது க்ரூடனின் டாம்பா பே. தான் கட்டிய ஆட்டத்தின் எல்லா மூலைமுடுக்கும் அவருக்குத் தெரியும். தன் தற்காப்பு அணிக்குச் சொல்லியும் கொடுத்தார். கேனன் எறிந்த ஐந்து பந்துகள் எதிரணி கைக்குப் போயின, அதில் மூன்று நேரடி டச்டவுன். 48-21. பயிற்சியாளரை விற்கும்போது ஆட்டப் புத்தகமும் கூடவே போகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காத பரிமாற்றம் அது.

மீண்டும் பழைய கடை

2003இல் கேனன் காயப்பட்டு விலகினார், அணி 4-12. இங்கேதான் உரிமையாளர் முடிவெடுக்க வேண்டியிருந்தது: கேனன் ஆட்டத்துக்குப் பொருந்தும் இளைய ஆளைத் தேடுவதா, பழைய கொள்கைக்குத் திரும்புவதா? டேவிஸ் திரும்பினார். தூரப் பந்து மரபிலிருந்து நார்வ் டர்னர் பயிற்சியாளரானார். பெரிய கையோடு குவாட்டர்பேக் கெரி காலின்ஸ் வந்தார், 2005இல் மினசோட்டாவிலிருந்து ரிசீவர் ராண்டி மாஸ். அந்த ஆண்டு காலின்ஸ் 3,759 யார்டு எறிந்தார், மாஸ் 1,005 யார்டு பிடித்தார், அணி நான்கு ஆட்டங்களே வென்றது.

2006இல் ஆர்ட் ஷெல் மீண்டும் தலைமைப் பயிற்சியாளரானார். தாக்குதலைப் பார்த்துக்கொள்ள வந்த டாம் வால்ஷ் 1994க்குப் பிறகு லீக்கில் வேலை செய்யாதவர். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் போயிருந்தன. யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று தெரியாமல் குழப்பும் தற்காப்பு முறைகள் அதற்குள் எல்லா அணிகளிலும் பழகிப்போயின. ரெய்டர்ஸோ ஏழு காலடி வைத்து நின்றது, பின்கதவு இல்லை. முதல் ஆட்டத்திலேயே சான் டியேகோ ஒன்பது முறை குவாட்டர்பேக்கை வீழ்த்தியது, 27-0. 2004இல் டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த ராபர்ட் கேலரி இடது டேக்கிளாகத் தடுமாறினார். அடுத்த ஆண்டு டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டு இடத்துக்கு மாற்றப்பட்டு அங்கே நன்றாகவே ஆடினார். அவரைக் குறை சொல்வதைவிட, மூன்று விநாடியை அவர் தோளில் ஏற்றியவர்களைக் கேட்பதே நியாயம். நவம்பரில் ஆட்டம் அழைக்கும் (ஒவ்வொரு முறையும் எந்த ஆட்டம் ஆடுவது என்று சொல்லும்) பொறுப்பு டாம் வால்ஷிடமிருந்து ஜான் ஷூப்புக்குப் போனது. அணி 2-14.

இதைப் பார்த்துவிட்டு, தூரப் பந்தின் காலம் முடிந்தது என்று பலர் முடிவுகட்டினார்கள். அது தவறு. அடுத்த ஆண்டே சோதனை நடந்தது. 2007 ஏப்ரலில் ரெய்டர்ஸ் மாஸை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்தது. ஓக்லண்டில் 2006இல் 42 பந்து, 3 டச்டவுன் எடுத்த அதே மனிதர் அங்கே 98 பந்து, 1,493 யார்டு, 23 டச்டவுன் எடுத்து லீக் சாதனை படைத்தார். அங்கே குவாட்டர்பேக் டாம் பிரேடி சீசன் முழுவதும் வீழ்ந்தது 21 முறை. மாஸ் மேலே ஓட, கீழே வெஸ் வெல்கர் 112 கிட்டப் பந்துகளைப் பிடித்தார். 1976இல் பிராஞ்சும் பிலெட்னிகாஃபும் செய்த அதே வேலைப் பங்கீடு! டேவிஸின் கொள்கை சரியாகத்தான் இருந்தது, வேறு ஊரில் நடந்தது.

ஓக்லண்டில் அதே 2007இல் 31 வயது லேன் கிஃப்பின் பயிற்சியாளரானார். ஓட்டத்தையும் கிட்டப் பந்தையும் நம்புபவர். ஜஸ்டின் ஃபார்கஸ் அந்த ஆண்டு 1,009 யார்டு ஓடினார். டிராஃப்டின் முதல் வாய்ப்பில் அணி எடுத்ததோ ஜமார்கஸ் ரஸ்ஸலை, 60 யார்டுக்கு மேல் சர்வசாதாரணமாக வீசும் கையை. ஒப்பந்தப் பேச்சு இழுத்ததால் பயிற்சி முகாம் முழுவதையும் அவர் இழந்தார், செப்டம்பரில்தான் கையெழுத்து. 2008 செப்டம்பர் 30இல் கிஃப்பினை நீக்கியபோது, டேவிஸ் அவருக்கு எழுதிய கடிதத்தைச் செய்தியாளர்களுக்குத் திரையில் காட்டிப் படித்தார். ரஸ்ஸலை எடுப்பதைக் கிஃப்பின் விரும்பவில்லை என்பதும், அதை மறந்துவிட்டுப் பயிற்சி தரும்படி உரிமையாளர் சொன்னதும் அந்தக் கடிதத்திலேயே இருந்தன. இளைய குவாட்டர்பேக்குக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. வாங்கியவர் ஒரு ஆட்டத்தை மனதில் வைத்து வாங்கினார், கற்றுக்கொடுப்பவர் வேறொன்றைக் கற்றுக்கொடுத்தார். ரஸ்ஸலின் உழைப்பிலும் ஒழுங்கிலும் குறை இருந்தது, மறுக்கவில்லை. 25 ஆட்டங்களைத் தொடங்கி 7 வென்று, 18 டச்டவுனும் 23 பறிகொடுத்த பந்துகளுமாக 2010 மே மாதம் வெளியேறினார்.

2009 டிராஃப்டில் ஏழாவது வாய்ப்பு. ரிசீவர் மைக்கேல் கிராப்ட்ரீ இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். ரெய்டர்ஸ் எடுத்தது 40 யார்டை 4.30 விநாடியில் ஓடிய டேரியஸ் ஹேவர்ட்-பேயை. முதல் சீசனில் அவர் பிடித்தது 9 பந்து. அதே சீசனில் டைட் எண்ட் சாக் மில்லர் 66 பந்து பிடித்தார். தூரத்துக்காகக் கட்டிய அணியில் அதிகப் பந்து வாங்கியவர் டைட் எண்ட்! நெருக்கடியில் குவாட்டர்பேக்கின் கண் யாரைத் தேடுகிறது என்பதை அந்த எண் சொல்கிறது. 2011இல் மில்லரை சியாட்டில் அணிக்குப் போகவிட்டார்கள். 2003 முதல் 2009 வரை தொடர்ந்து ஏழு சீசன்களில் 11 அல்லது அதற்கு மேற்பட்ட தோல்விகள்.

எந்த அணியின் தாக்குதலையும் இதே வழியில் படிக்கலாம். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பவரும் ஆட்டத்தை அழைப்பவரும் ஒரே முறையை நம்புகிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகள் எந்த இடங்களுக்குச் செலவாகின்றன என்று ஐந்தாண்டுக் கணக்கு எடுக்க வேண்டும். வீழ்த்தப்பட்ட எண்ணிக்கையை எறிந்த முறையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்; மூன்று காலடி ஆட்டத்தில் 40 என்றால் முன்வரிசை மோசம், ஏழு காலடி ஆட்டத்தில் 40 என்றால் திட்டமும் குற்றவாளி. பயிற்சியாளர் எத்தனை ஆண்டு இருக்கிறார் என்பதே எல்லாவற்றையும்விடக் கனமான எண். 1969 முதல் 1987 வரை ரெய்டர்ஸுக்கு இரண்டு தலைமைப் பயிற்சியாளர்கள். 2003 முதல் 2011 வரை ஆறு.

2010இல் டாம் கேபிளின் கீழ் ஹியூ ஜாக்சன் ஆட்டத்தை அழைத்தார். முன்வரிசை ஆட்கள் எதிரியை நேராக இடித்து வழி திறக்கும் ஓட்டத்தை முன்னால் வைத்து, அது உண்டாக்கிய பயத்தில் தூரப் பந்தை எறிந்தார். 2009இல் 197 ஆக இருந்த புள்ளிகள் 410 ஆயின. டேரன் மெக்ஃபேடன் 1,157 யார்டு ஓடினார், ஓர் ஓட்டத்துக்கு 5.2. சொந்தப் பிரிவில் ஆறு ஆட்டங்களையும் வென்றும் 8-8 என முடிந்ததால் பிளேஆஃப் கிடைக்கவில்லை. கேபிள் தொடரவில்லை.

டேவிஸ் இறந்தபின் மகன் மார்க் டேவிஸ் 2012 ஜனவரியில் ரெஜி மெக்கென்சியை ஜெனரல் மேனேஜராக நியமித்தார். உரிமையாளர் ஒதுங்கி நின்றார், வல்லுநர் கையில் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளராக வந்த டென்னிஸ் ஆலன், தாக்குதலைக் கிரெக் நாப்பிடம் கொடுத்தார். முன்வரிசை மொத்தமும் பக்கவாட்டில் நகர, ஓடுபவர் இடைவெளி பார்த்து வெட்டித் திரும்ப வேண்டிய முறைக்கு நாப் மாறினார். மெக்ஃபேடன் நேர்கோட்டில் பாய்பவர்; காத்திருந்து திரும்புவது அவர் இயல்பல்ல. அந்த சீசனில் 216 முறை ஓடி 707 யார்டு, ஓர் ஓட்டத்துக்கு 3.3. சீசன் முடிந்ததும் நாப் நீக்கப்பட்டார்.